ஓசியில் கிடைத்த புத்தகங்கள்

கவுன்சிலிங்கில் கேட்ட பிராஞ்ச் எத்தனை பேருக்குக் கிடைத்தது? ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் இந்தப் பேச்சு எடுத்தால் ஆளுக்கொரு கதை வரும். கட் ஆஃப் அரை மார்க்கில் போச்சு, ஃபீஸ் கட்ட முடியலை, மாமா சொன்னார் என்று சேர்ந்தேன். இந்த வரிசையில் நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தரையும் சேர்க்கலாம். செப்டம்பர் 5 அன்று கேக்கோடு ஸ்டாஃப் ரூமுக்குப் போய் நிற்கிறோமே, அந்தத் தேதிக்குச் சொந்தக்காரர், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

ஊர் திருத்தணி. நம்ம ஆரணியிலிருந்து (பட்டுப்புடவை ஆரணி இல்லைங்க, பெரியபாளையம் பக்கத்து ஆரணி) திருவள்ளூர் வழியாகப் போனால் அரை நாள்கூட ஆகாது. 1888இல் அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதற்குள் போனது. 1953இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடியதில் 1960இல் சென்னை மாநிலத்துக்கு, செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997இலிருந்து திருவள்ளூர். ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்வது அவருக்கும் சரி, இன்றைக்கு கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பசங்களுக்கும் சரி, புதுசே இல்லை.

அப்பாவுக்கு ஜமீனில் வரி வசூல் சம்பந்தப்பட்ட சின்ன உத்தியோகம். வருமானம் பெரிதாக இல்லை. பையன் திருத்தணி, திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர் என்று ஊர் ஊராக, உதவித்தொகையை நம்பியே படித்தார். நடுவில் பதினாறு வயதுக்குள் கல்யாணமும் ஆகிவிட்டது. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அது தாம்பரத்தில் இல்லை, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இருந்தது.

அங்கே என்ன பாடம் எடுப்பது? இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. தத்துவம் படித்து முடித்திருந்த உறவுக்கார அண்ணன் ஒருவர் தன் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். புதுசா புத்தகம் வாங்கக் காசில்லாதவருக்கு அதோடு விஷயம் முடிந்தது. புத்தகம் இருக்கிறது, அதனால் தத்துவம். ஆர்வம், லட்சியம், சின்ன வயதுக் கனவு எதுவும் இல்லை.

ஆர்வம் பின்னாடி வந்தது, அதுவும் கோபத்தோடு வந்தது. கல்லூரியில் பாடம் எடுத்த பாதிரியார்கள் இந்து சமயத்தில் அறநெறிக்கு இடமில்லை என்று விமர்சித்தார்கள். அது அவரைக் குடைந்தது. அதற்குப் பதிலாகவே எம்.ஏ. ஆய்வுக்கு வேதாந்தத்தின் அறநெறியை எடுத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அதை மனசாரப் பாராட்டியவர் அதே கல்லூரியின் கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக். எதிர்த்து எழுதுகிற மாணவனுக்கு மார்க் குறைக்காத வாத்தியார். அவருக்கும் ஒரு துண்டு கேக் வெட்டலாம்.

1909இல் மாநிலக் கல்லூரியில் வேலை. பிறகு ராஜமுந்திரி, 1918இல் மைசூர். 1921இல் கல்கத்தா பல்கலைக்கழகம் தன் மிகப் பெரிய தத்துவப் பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டபோது, மைசூர் மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரையை அவிழ்த்துவிட்டு, அவரை உட்காரவைத்துத் தாங்களே ஸ்டேஷன் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். 1923இலும் 1927இலும் இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய இரண்டு பெரிய தொகுதிகள் வெளிவந்தன. வெளிநாட்டுக்காரர்கள் நம் தத்துவத்தை மேஜையில் வைத்துப் பேச ஆரம்பித்ததில் அந்தப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஆசிரியர் தினச் சுவரொட்டியில் இது இருக்காது. 1929இல் ஜதுநாத் சின்ஹா என்ற ஆய்வாளர், தன் ஆய்வேட்டின் பகுதிகளை இரண்டாம் தொகுதியில் எடுத்துப் போட்டுவிட்டார் என்று குற்றம் சாட்டினார். இரண்டு பக்கமும் வழக்குப் போட்டார்கள். 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை, அதனால் நாமும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்புறம் பதவிகள் அடுக்கடுக்காக வந்தன. ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936இலிருந்து ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், 1939இலிருந்து காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1948இல் சுதந்திர இந்தியாவின் முதல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைவர். மேக்நாத் சாகா, ஆ. லட்சுமணசாமி முதலியார் போன்றவர்கள் அதில் உறுப்பினர்கள். நம்ம காலேஜ் போர்டில் யு.ஜி.சி. என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அந்த அமைப்பு அவர்கள் பரிந்துரையில் வந்ததுதான்.

1949இல் நேரு இவரை மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பினார். கடவுளைப் பற்றி எழுதுகிறவரை ஸ்டாலினிடம் அனுப்புகிறாரே என்று பலரும் சிரித்தார்கள். இவருக்கு முன் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட்டை ஸ்டாலின் பார்க்கவே இல்லை. இவரை இரண்டு முறை பார்த்தார். ஆக்ஸ்போர்டு வேலையையும் விடாமல் வைத்துக்கொண்டே இந்தத் தூதர் வேலையைச் செய்தார் என்பதையும் கவனியுங்க.

1952 முதல் பத்து வருடம் குடியரசுத் துணைத் தலைவர், 1962 மே மாதம் குடியரசுத் தலைவர். ரப்பர் ஸ்டாம்ப் பதவி என்று டீக்கடையில் சொல்வோமே, அதேதான். ஆனால் அந்த அக்டோபரிலேயே சீனப் படை எல்லையைத் தாண்டியது. அரசாங்கம் ஏமாந்ததையும் அசட்டையாக இருந்ததையும் அவர் வெளிப்படையாகவே சொன்னார். அரசாங்கம் என்றால் நேரு, நெருங்கிய நண்பர். சொல்வது சுலபமாக இருந்திருக்காது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 1965. ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி என்று ஆகப்போன நேரம். சென்னை மாநிலத்தில் நம்ம வயசுப் பசங்க தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு, தீக்குளிப்பு, பல உயிர்கள். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமா செய்தார்கள். பிரதமர் சாஸ்திரி அவற்றை ஏற்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ராதாகிருஷ்ணன் போடவில்லை. மறுபடி யோசிக்கச் சொன்னார். இந்த ராஜினாமாக்கள் ஏற்கப்பட்டால் தெற்கில் என்ன நடக்கும் என்பது திருத்தணிக்காரருக்குத் தெரியாதா? சாஸ்திரி இறங்கிவந்து, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் வாக்குறுதி நிற்கும் என்று வானொலியில் அறிவித்தார். இரண்டு அமைச்சர்களும் பதவியில் தொடர்ந்தார்கள். போராட்டத்தை நடத்தியது மாணவர்கள்தான், அந்தப் பெருமையைப் பங்கு போட வேண்டாம். ஆனால் டெல்லியில் ஒரு பேனா மூடியே இருந்ததையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஐந்து வருடத்தில் இரண்டு பிரதமர்கள் பதவியிலேயே இறந்தார்கள். நந்தாவுக்கு இரண்டு முறை, சாஸ்திரிக்கு, இந்திரா காந்திக்கு எல்லாம் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இவர்தான். 1967 குடியரசு நாள் உரையில் நிர்வாகத்தின் திறமையின்மையைப் பற்றி அவர் பேசியது ஆளுங்கட்சிக்குப் பிடிக்கவில்லை. அந்த மே மாதம் பதவி முடிந்து சென்னைக்குத் திரும்பினார்.

மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் வீடு. 1975இல் சமயத்துக்கான டெம்பிள்டன் பரிசு வந்தது. கிறிஸ்தவர் அல்லாத ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. அந்தப் பணத்தை ஆக்ஸ்போர்டுக்கே கொடுத்துவிட்டார். ஏப்ரல் 17 அன்று இறந்தார். வீடு இருந்த ரோட்டின் பேர் இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. பீச்சுக்குப் போகிற வழியில் நம்மில் பாதிப் பேர் அதில் போயிருப்போம்.