தவறான விடையில் உண்மையைத் தேடிய மேதை

குழந்தை தவறாக விடை சொன்னால், ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்தத் தவறான விடையில் ஒரு புதிய உலகத்தையே கண்டவர், ஜீன் பியாஜே.

குழந்தைகளிடம் பேசிப் பேசியே உலகப் புகழ் பெற்ற மனோதத்துவ மேதை அவர்.

நத்தையும் சிட்டுக்குருவியும்

1896-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி, சுவிட்சர்லாந்து நாட்டின் நியூஷாடெல் நகரில் பியாஜே பிறந்தார். தந்தை ஆர்தர் பியாஜே, இலக்கியப் பேராசிரியர்.

மகனுக்கோ உயிரினங்கள் மீதுதான் ஆசை. வெள்ளை படிந்த ஒரு சிட்டுக்குருவியைப் பூங்காவில் கண்டு, அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினான். 1907-ல் அது ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. அப்போது அவன் பள்ளிச் சிறுவன்!

பிறகு நத்தை, சிப்பி வகைகளை ஆராய்ந்தார். 1918-ல், நத்தை ஆராய்ச்சிக்காகவே டாக்டர் பட்டம் பெற்றார்.

நடக்காத கடத்தல்

பியாஜேயின் மனதில் ஒரு பழைய நினைவு பதிந்திருந்தது. அவர் இரண்டு வயதுக் குழந்தை. பாரிஸ் நகரின் பெரிய வீதி ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவன் வந்து அவரைத் தூக்கிச் செல்லப் பார்க்கிறான். தாதி குறுக்கே பாய்ந்து தடுக்கிறாள். அவள் முகத்தில் கீறல்கள். கூட்டம் கூடுகிறது. போலீஸ்காரர் வருகிறார். திருடன் ஓடிவிடுகிறான்.

எல்லாம் கண்ணில் கண்டதுபோல அப்படியே நினைவில் இருந்தன.

பியாஜேக்கு 15 வயது இருக்கும்போது, அந்தத் தாதியிடம் இருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது. கடத்தல் முயற்சி நடக்கவே இல்லை, எல்லாம் தன் கட்டுக்கதை என்று அவள் ஒப்புக்கொண்டாள். பரிசாகப் பெற்ற கடியாரத்தையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தாள்.

பிறர் சொல்லிக் கேட்ட கதை, தானே கண்ட காட்சியாக மனதில் குடியேறிவிட்டது! பிற்காலத்தில் பியாஜே இதைத் தமது நூலிலேயே எழுதினார்.

பாரிஸ் பள்ளிக்கூடத்தில்

1919-ல் பியாஜே பாரிஸ் சென்றார். அறிவை அளக்கும் சோதனையை ஆல்பிரட் பினேயுடன் சேர்ந்து உருவாக்கிய தியோடர் சீமோன், அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். இங்கிலாந்து அறிஞர் சிரில் பர்ட் தயாரித்த கேள்விகளைப் பாரிஸ் நகரப் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். எந்த வயதில் எத்தனை பேர் சரியாகச் சொல்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும்.

ஒரு கேள்வி இது: சூசனைவிட எடித்தின் முடி வெளுப்பு. லில்லியைவிட எடித்தின் முடி கறுப்பு. மூவரில் யாருடைய முடி மிகவும் கறுப்பு?

சரியான விடை, சூசன். ஆனால் சிறு பிள்ளைகள் லில்லி என்றார்கள்.

தவறு என்று குறித்துக்கொண்டு போயிருந்தால் பியாஜேயின் வேலை முடிந்திருக்கும். அவர் விடவில்லை. எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்டார்.

எடித்தும் சூசனும் வெளுப்பு. எடித்தும் லில்லியும் கறுப்பு. ஆகவே லில்லிதான் மிகவும் கறுப்பு என்று பிள்ளைகள் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒன்றைவிட ஒன்று என்னும் ஒப்பீடு அவர்களுக்கு எட்டவில்லை.

பியாஜேக்கு உண்மை புலப்பட்டது. இது முட்டாள்தனம் அல்ல; குழந்தையின் சிந்தனைக்கே தனி ஒழுங்கு இருக்கிறது!

கேள்வி கேட்கும் கலை

1921-ல், கிளாபரேட் என்ற அறிஞரின் அழைப்பை ஏற்று, ஜெனீவாவில் உள்ள ரூசோ கல்விக்கழகத்தில் சேர்ந்தார்.

1926-ல் வெளியான நூலில், குழந்தைகளைப் பேட்டி காணும் முறையை விளக்கினார். எல்லோரிடமும் ஒரே கேள்வியை ஒப்பித்தால் போதாது. சூரியனை நகர்த்துவது எது என்று கேட்டால், யாரோ நகர்த்துகிறார்கள் என்ற எண்ணத்தைக் கேள்வியே ஊட்டிவிடும். சும்மா கவனித்துக்கொண்டு இருந்தாலும் போதாது. குழந்தை நினைப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஆகவே, நோயாளியிடம் டாக்டர் பேசுவதுபோல, வரும் பதிலைப் பின்பற்றி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

வரும் பதில்களையும் சலித்துப் பார்த்தார். ஏனோதானோ என்று சொல்வது, கதை கட்டுவது, கேட்பவரைத் திருப்திப்படுத்தச் சொல்வது, கேட்ட பிறகு யோசித்துச் சொல்வது, முன்பே மனதில் இருந்ததைச் சொல்வது என்று ஐந்து வகையாகப் பிரித்தார். குழந்தையின் கருத்துக்கு எதிராகப் பேசிப் பார்ப்பார். அப்போதும் அது அசையாமல் நின்றால்தான் நம்புவார்.

இந்தக் கலை கைவர, ஓராண்டாவது தினமும் பழக வேண்டும் என்பது அவர் கருத்து.

கோலி விளையாட்டு

தெருப் பிள்ளைகளிடம் கோலி விளையாடவும் போனார். விளையாட்டு மறந்துவிட்டது, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். பேராசிரியருக்குப் பிள்ளைகள் ஆசிரியர் ஆனார்கள்!

விதிகளை மாற்றலாமா என்று கேட்டார். பெரியவர்கள் போட்ட விதி, மாற்றக்கூடாது என்றார்கள் சின்னஞ்சிறுவர்கள். எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்றார்கள் வளர்ந்த பிள்ளைகள். நீதி உணர்வு வளரும் விதம் அதில் தெரிந்தது. 1932-ல் இது நூலாக வந்தது.

1923-ல் வாலன்டைன் என்ற பெண்ணை மணந்தார். பிறந்த மூன்று குழந்தைகளும் அவருக்குப் பாடம் ஆனார்கள். கணவனும் மனைவியும் அவர்களைக் கவனித்துக் குறிப்பெடுத்தார்கள்.

குறையும் உண்டு

மிகச் சில குழந்தைகளைப் பார்த்துப் பெரிய முடிவுகளைச் சொல்கிறார் என்று சிலர் குறை கூறினார்கள்.

பியாஜேயின் சோதனை ஒன்றில், இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகள் இருக்கும். ஒரு வரிசையை அகலமாக நகர்த்திவிட்டு, இப்போதும் சமமா என்று மறுபடி கேட்பார்கள். சிறு குழந்தை, நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று சொல்லும்.

1970-களில், ஸ்காட்லாந்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்காரிகிளும் ஒரு மாறுதல் செய்தார்கள். ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைத்ததாக நடித்தார்கள். பல குழந்தைகள் சமம் என்று சரியாகச் சொன்னார்கள்! பெரியவர் தாமே நகர்த்திவிட்டு மறுபடி கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் என்று குழந்தை நினைத்திருக்கலாம்.

கேள்வியே விடையை ஊட்டிவிடும் என்று எச்சரித்தவர் பியாஜே. அவருடைய கேள்விக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தியது.

1980-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, 84-வது வயதில், ஜெனீவாவில் பியாஜே காலமானார். அவருடைய முடிவுகளில் சில திருத்தப்பட்டுவிட்டன. ஆனால், தவறாகச் சொன்ன குழந்தையிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அன்போடு கேட்டுக் காத்திருக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது.