சிங்கப்பூர் மீன்படகில் திரும்பிவந்த ஐவன் லயன்

டோபி காட் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே, ஆர்ச்சர்ட் சாலையில் ஒய்எம்சிஏ கட்டடம் உள்ளது. அதே இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில்தான் ஜப்பானிய ராணுவக் காவல்படையான கெம்பெய்தாயின் கிழக்கு வட்டார அலுவலகம் இயங்கியது. 1943ல் அங்கு நடந்த சித்திரவதைகளுக்கும் ஒரு மீன்படகுக்கும் தொடர்பு உண்டு. அந்தப் படகில் வந்து தாக்குதல் நடத்தியவர் ஐவன் லயன்.

1915ல் பிறந்த லயன், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1930களில் சிங்கப்பூர் வந்த அவருக்குப் பாய்மரப் படகோட்டுவதில் தீராத ஆர்வம். மார்பில் புலித்தலையைப் பச்சை குத்தியிருந்தார். கேப்ரியல் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். அவர்களின் மகன் கிளைவ்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. சுமத்ரா வழியாகத் தப்பிச் சென்றவர்களுக்கு லயன் உதவினார். அங்கு பில் ரெனால்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியரைச் சந்தித்தார். ரெனால்ட்சிடம் ‘கோஃபுகு மாரு’ என்ற படகு இருந்தது. ஏறத்தாழ 21 மீட்டர் நீளம் கொண்ட அது, ஜப்பானில் கட்டப்பட்டு சிங்கப்பூரில் மீன் ஏற்றிவந்த படகு. போர் மூண்டதும் பிரிட்டிஷார் அதைப் பறிமுதல் செய்திருந்தனர். அதில் 1,100க்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றிய ரெனால்ட்ஸ், பின்னர் வங்காள விரிகுடாவைக் கடந்து நாகப்பட்டினம் சேர்ந்தார்.

ஜப்பானியப் படகைக் கண்டு ஜப்பானியர் சந்தேகப்பட மாட்டார்கள் என லயன் கணித்தார். படகுக்கு ‘கிரைட்’ எனப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. கட்டுவிரியன் பாம்பு என்று பொருள். இதற்கிடையே, இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த மனைவியும் மகனும் ஜெர்மானியரிடம் சிக்கி, பின்னர் ஜப்பானில் சிறைவைக்கப்பட்டனர். அவர்களை லயன் மீண்டும் பார்க்கவே இல்லை.

1943 செப்டம்பர் 2ஆம் தேதி, 14 பேருடன் ‘கிரைட்’ ஆஸ்திரேலியாவிலிருந்து புறப்பட்டது. உடலில் பழுப்புச் சாயம் பூசி, சாரோங் உடுத்தி, ஜப்பானியக் கொடியுடன் பயணம் செய்தனர். செப்டம்பர் 26ஆம் தேதி இரவு, ஆறு பேர் மூன்று சிறு மடக்குப் படகுகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் நுழைந்து கப்பல்களில் காந்தக் கண்ணிவெடிகளைப் பொருத்தினர். ஆறு, ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமடைந்தன. வந்தவர்கள் அனைவரும் உயிருடன் திரும்பினர்.

விலை கொடுத்தவர்கள் சிங்கப்பூரில் இருந்தவர்கள். இது சாங்கி சிறைக் கைதிகளின் சதி என்று கெம்பெய்தாய் நம்பியது. அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய விசாரணையில் 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். 15 பேர் மாண்டனர். கைதிகளுக்கு உதவிய எலிசபெத் சோய் ஒய்எம்சிஏ கட்டடத்தில் ஏறக்குறைய 200 நாள்கள் அடைத்துவைக்கப்பட்டார். இவர்களில் எவருக்கும் தாக்குதலில் பங்கில்லை.

அடுத்த ஆண்டு ‘ரிமாவ்’ நடவடிக்கைக்காக 22 பேருடன் லயன் மீண்டும் வந்தார். இம்முறை முன்கூட்டியே சிக்கினர். 1944 அக்டோபரில் சோரே தீவில் நடந்த சண்டையில் லயன் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 29. அவருடன் வந்த எவரும் பிழைக்கவில்லை. பத்துப் பேர் 1945 ஜூலை 7ஆம் தேதி சிங்கப்பூரில் தலை துண்டிக்கப்பட்டனர். கேப்ரியலும் கிளைவும் உயிர்பிழைத்தனர்.

படகும் பிழைத்தது. போருக்குப் பின் விற்கப்பட்டு, வடக்கு போர்னியோவில் மரத்தொழிலுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தது. அதை அடையாளம் கண்ட ஆஸ்திரேலியர்கள், நிதி திரட்டி 1964ல் சிட்னிக்குக் கொண்டுசென்றனர். இன்று அது கடல்சார் அரும்பொருளகத்தில் உள்ளது.

லயனின் கல்லறை கிராஞ்சியில் இருக்கிறது. டோபி காட்டில் துன்பப்பட்டோரை நினைவூட்ட, ஒய்எம்சிஏ அருகே ஒரு நினைவுப் பலகை நிற்கிறது.