ஏப்ரலில் மறைந்தவர்கள்: காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிள்ளைகள் விருத்தாசலத்தில் நம் கோடைகால தீனிய்யாத் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசுபவர்களும் உண்டு, உருது பேசுபவர்களும் உண்டு. இந்த முறை அவர்களுக்கு நாம் ஒரு வேலை கொடுத்தோம். ஏப்ரல் மாதத்தில் மறைந்த, உலகம் அறிந்த மனிதர்களின் பெயர்களைத் தேடி எழுதி வரச் சொன்னோம்.

நன்றாகவே எழுதி வந்தார்கள். அல்லாமா இக்பால், லாகூரில், 1938 ஏப்ரல் 21. அதே ஏப்ரல் 21இல், 1964இல் பாரதிதாசன். கணித மேதை இராமானுஜன், 32 வயதில், 1920 ஏப்ரல் 26. பழந்தமிழ் ஏடுகளைத் தேடித் திரிந்து அச்சில் ஏற்றிய உ.வே.சாமிநாதையர், 1942 ஏப்ரல் 28. ஐன்ஸ்டீன், 1955 ஏப்ரல் 18. ஒரு பிள்ளை ஷேக்ஸ்பியரையும் விடவில்லை.

காயிதே மில்லத்தை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. கேட்டபோது ஒரு மாணவன், அது சென்னையில் இருக்கும் பெண்கள் கல்லூரியின் பெயர் ஹஜ்ரத் என்றான். அவன் சொன்னது தவறில்லை. அண்ணா சாலையில் 1974இல் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரிக்கு அந்தப் பெயர்தான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்துக்கே அந்தப் பெயர் இருந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களையெல்லாம் எடுத்தபோது அதுவும் போயிற்று. பெயர்ப் பலகை இருக்கிறது. ஆள் யாரென்று பிள்ளைக்குத் தெரியவில்லை. குற்றம் பிள்ளையினுடையது அல்ல, சொல்லித் தராத நம்முடையது. அன்று வகுப்பில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

முஹம்மது இஸ்மாயீல் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார். தந்தை மியாகான் ராவுத்தர் வணிகரும் மார்க்கம் கற்றவரும் ஆவார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளைக்கு ஓதிக் கொடுத்தவர் தாயார். 1909இல் ஊரில் இளைஞர்களைச் சேர்த்து ஒரு முஸ்லிம் வாலிபர் சங்கம் தொடங்கியபோது அவருக்கு வயது 13. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வயதுதான். 1918இல் ஆலிம்களின் சபையான மஜ்லிசுல் உலமாவைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார். பி.ஏ. தேர்வு எழுத வேண்டிய நேரத்தில் காந்தியாரின் ஒத்துழையாமை இயக்கமும் கிலாஃபத் இயக்கமும் நாட்டையே உலுக்கின. படிப்பை விட்டுவிட்டு அதில் இறங்கினார். மதரஸாவில் ஓதிய பிறகு கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய நமக்கு, கைக்கு எட்டிய பட்டத்தை ஒருவர் விட்டுப் போனார் என்பது படிக்கும்போதெல்லாம் ஒரு நொடி உறைக்கும்.

பிறகு சென்னையில் தோல் வணிகம். அதில் நல்ல பெயரும் வசதியும் வந்தன. வணிகர் சங்கங்களில் பொறுப்பு, அதன் வழியே பொதுவாழ்க்கை. 1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் சட்டசபையில் காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சியாக லீக் வந்தது. அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். 1952 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்கு எதிர் வரிசையில் முதல் அமைச்சர்களாக இருந்தவர்களில் ஒருவர் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்காரரான ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

இதுவரை சொன்னது அந்தக் காலத்துத் தலைவர்கள் பலருக்கும் பொருந்தக்கூடிய வரலாறு. அவருக்கு மட்டுமே உரியது 1947க்குப் பிறகு தொடங்குகிறது.

நாடு பிரிந்தது. லீக் கேட்ட பாகிஸ்தான் கிடைத்துவிட்டது. அந்தக் கட்சிக்கு வாக்களித்த தென்னாட்டு முஸ்லிம்கள் இங்கேயே இருந்தார்கள். திருநெல்வேலியிலும் வாணியம்பாடியிலும் மலப்புறத்திலும் தென்னாற்காட்டிலும் பிறந்து வளர்ந்தவர்கள் எங்கே போவார்கள்? ஆனால் அவர்களைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக், தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. பாகிஸ்தான் பகுதிக்கு அமைப்பாளர் லியாகத் அலி கான். இந்தியப் பகுதிக்கு அமைப்பாளர் முஹம்மது இஸ்மாயீல். ஒருவருக்கு ஒரு நாட்டின் அரசாங்கமே கையில் இருந்தது. மற்றவர் ஊருக்குத் திரும்பி வந்தபோது அவர் கையில் இருந்தது, எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு கட்சியின் பெயர்.

அதே டிசம்பரில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் லக்னோவில் முஸ்லிம்களின் மாநாட்டைக் கூட்டினார். இனித் தனிக் கட்சி வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்பது அங்கே எழுந்த குரல். ஆசாத் சாதாரண மனிதர் அல்ல; குர்ஆன் விரிவுரையாளர், சுதந்திரப் போராட்டத்தின் பெரிய தலைவர். சமுதாயத்தின் பாதுகாப்பை எண்ணியே அவர் அதைச் சொன்னார். வட இந்தியாவில் லீக் பெரும்பாலும் கரைந்தும் போயிற்று.

1948 மார்ச் 10 அன்று சென்னை அரசினர் விருந்து மண்டபத்தில், இன்று ராஜாஜி மண்டபம் என்று நாம் சொல்லும் அதே கட்டடத்தில், இஸ்மாயீல் சாஹிப் கூட்டத்தைக் கூட்டினார். வந்தவர்கள் அதிகம் இல்லை. அவர்களிலும் தென்னாட்டவரே பெரும்பான்மை. கலைத்துவிடலாம் என்ற பேச்சு அங்கேயும் வந்தது. முடிவில், கட்சி தொடரும், முஸ்லிம்களின் மார்க்கம், பண்பாடு, கல்வி, பொருளாதாரம் ஆகியவற்றில் கவனம் செலுத்தும் என்று தீர்மானமாயிற்று. தலைவர் அவர். அன்று அந்தப் பொறுப்பை ஏற்பது பதவி சுகம் அல்ல. சொந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

1948இலேயே அவர் அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினரானார். அங்கே அவர் கொண்டுபோன திருத்தங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தோற்றன. கல்லூரியில் வரலாறு படித்தபோது இதைப் பாதிப் பத்தியில் கடந்து போனோம். பின்னாளில் சபை நடவடிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படித்தபோதுதான் அவர் யாரென்று நமக்குப் பிடிபட்டது.

1948 நவம்பர் 23. பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வருகிறது. இன்று 44ஆம் பிரிவாக இருப்பது அன்று வரைவில் 35. எந்தச் சமூகத்துக்காவது தனக்கென்று தனியார் சட்டம் இருந்தால், அதைக் கைவிட வேண்டுமென்று அந்தச் சமூகத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார். முஸ்லிம்களுக்கு மட்டும் என்று அவர் கேட்கவில்லை. எந்தச் சமூகமானாலும் என்றே கேட்டார். நிக்காஹ், தலாக், வாரிசுரிமை ஆகியவை மார்க்கத்தின் பகுதி, மக்களின் வாழ்க்கை முறையின் பகுதி என்பது அவர் வாதம். டாக்டர் அம்பேத்கர் ஏற்கவில்லை. ஆனால், விரும்பி முன்வருபவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி எதிர்கால நாடாளுமன்றம் தொடங்கலாம் என்று அவர் தம் பதிலில் சொன்னார். திருத்தம் தோற்றது. இன்றும் பொது சிவில் சட்டம் பற்றிப் பேசும் யாரும் அந்த ஒரு நாள் விவாதத்துக்குத் திரும்பாமல் இருக்க முடிவதில்லை.

1949 மே மாதம் இன்னொரு திருத்தம். 1909 முதல் இருந்துவந்த முஸ்லிம் தனித்தொகுதி முறை தொடர வேண்டும் என்று கேட்டார். சர்தார் படேல் கடுமையாக எதிர்த்தார். பேகம் ஐஜாஸ் ரசூல் போன்ற முஸ்லிம் உறுப்பினர்களே எதிர்த்துப் பேசினார்கள். அதுவும் தோற்றது. இதில் நம் கருத்தை மறைக்க வேண்டியதில்லை: பிரிவினையின் ரத்தம் காயாத அந்த நேரத்தில் தனித்தொகுதி கிடைத்திருந்தால் நமக்கு நன்மையாக இருந்திருக்குமா என்பதில் நமக்குச் சந்தேகம் உண்டு. பெரியவர்களை நேசிப்பது வேறு, அவர்களின் ஒவ்வொரு முடிவையும் சரியென்பது வேறு. ஆனால், சபை முழுக்க எதிராக இருக்கும் என்று தெரிந்தும் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், காரணங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாரே, அதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம். காந்தியார் சொன்ன வழியில், தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானி இருக்கட்டும் என்றார். பழமைதான் அளவுகோல் என்றால், இந்த மண்ணின் மிகப் பழைய மொழிகள் திராவிட மொழிகள், அவற்றில் வளமான இலக்கியம் கொண்டது தமிழ், அப்படியானால் தமிழையே ஆட்சிமொழியாக வைக்க வேண்டும் என்று வாதித்தார். செப்டம்பர் 14 அன்று நாகரி எழுத்தில் இந்தி என்று முடிவாயிற்று. அவர் கேட்ட இந்துஸ்தானியும் தோற்றது, தமிழும் தோற்றது. இதைச் சொன்னபோது வகுப்பில் உருது பேசும் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சபையில் இத்தனை முறை தோற்ற மனிதர் பிறகு என்ன செய்தார்? அந்த அரசியல் சாசனத்தின் கீழேயே, அவர் வேண்டாமென்று வாதாடிய அதே பொதுத் தொகுதி முறையிலேயே, தேர்தலில் நின்றார். 1952 முதல் 1958 வரை சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினர். பிறகு கேரளத்தின் மஞ்சேரி தொகுதியில் 1962, 1967, 1971 என மூன்று முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பேட்டையில் பிறந்த தமிழரை மலையாளிகள் மூன்று முறை தங்கள் பிரதிநிதியாக டில்லிக்கு அனுப்பினார்கள். இன்றைய கட்சிகளில் அப்படி ஒரு வேட்பாளரை நினைத்துப் பார்க்க முடியுமா?

யாரும் கூட்டணிக்குச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய கட்சி, 1967இல் சென்னை மாநிலத்தில் அண்ணாவோடும் ராஜாஜியோடும் ஒரே அணியில் நின்றது. காங்கிரஸ் ஆட்சி போய் தி.மு.க. ஆட்சி வந்தது. அதே ஆண்டு கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் லீகுக்கு இடம் கிடைத்தது, சி.எச். முஹம்மது கோயா கல்வி அமைச்சரானார். 20 ஆண்டுகளுக்கு முன் கலைத்துவிடச் சொன்ன கட்சி அது.

1962 சீனப் போரின்போது தம் ஒரே மகனை ராணுவத்துக்குத் தருவதாக அவர் நேருவுக்கு எழுதினார் என்று நம் மேடைகளில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கேட்கவே மனம் நெகிழும் செய்திதான். ஆனால் நம் பேச்சாளர்கள் பலர் காயிதே மில்லத் என்றால் இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நம் தேசப்பற்றுக்குச் சான்றிதழ் காட்டுவதுபோல அது ஆகிவிடுகிறது. அவர் சான்றிதழ் காட்டி வாழ்ந்தவர் அல்ல. இந்த நாட்டின் குடிமகன் என்ற உரிமையோடு சபையில் எழுந்து, பெரும்பான்மைக்குப் பிடிக்காததைச் சொன்னவர். பிள்ளைகளுக்கு முதலில் அதைச் சொல்வோம், மற்றது பிறகு.

கல்வியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னை நியூ காலேஜும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இல் தொடங்கின. அதற்கு மூன்றாண்டு முன்னால் கேரளத்தில் ஃபாரூக் கல்லூரி. நாடு பிரிந்து சில ஆண்டுகளுக்குள், பயந்துபோயிருந்த ஒரு சமுதாயத்தின் செல்வர்கள் கல்லூரி கட்டப் பணம் தந்தார்கள். வெளியூர் போய்விட நினைப்பவர்கள் கட்டடம் கட்ட மாட்டார்கள். அப்படிப்பட்ட முயற்சிகளுக்குத் துணைநின்று ஊக்கம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். விருத்தாசலத்திலிருந்து ஜமாலில் போய்ப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நம் தெருப் பெரியவர்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள்.

சென்னையிலிருந்து திருச்சி வழியாகத் தெற்கே போகும் கார்டு லைன் ரயில்கள் நம் ஜங்ஷனைத் தொட்டுத்தான் போகின்றன. புகைப்படங்களில் பார்க்கும் அந்தத் தொப்பியும் நீண்ட கோட்டும் வெண்தாடியுமாக, ஏதோ ஒரு பின்னிரவில் அவரும் நம் ஊர் நிலையத்தைக் கடந்து நெல்லைக்குப் போயிருப்பார் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். உறுதியாகத் தெரியுமா ஹஜ்ரத் என்று ஒருவன் கேட்டான். தெரியாது, நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றோம்.

1972 ஏப்ரல் 5, புதன்கிழமை, சென்னையில் அவர் வஃபாத்தானார். 76 வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்போதும் அவர் மஞ்சேரியின் மக்களவை உறுப்பினர். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். விடுமுறையில் பிள்ளைகளோடு சென்னை போகும் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகும் வழியில் அங்கே ஒரு வக்து தொழுதுவிட்டு, அவருக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டு வரலாம். நம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு பேர் மே மாதம் போகிறார்களாம்.