துரையப்பா: மைதானத்துக்குப் பெயரான மேயர்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு துரையப்பா என்றால் முதலில் ஒரு விளையாட்டரங்கு. அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று வீட்டில் கேட்டபோது, ஒருவர் துரோகி என்றார். இன்னொருவர், வாசலுக்குப் போன ஏழையை வெறுங்கையோடு அனுப்பாதவர் என்றார். இரண்டையும் சொன்னவர்கள் ஒரே வீட்டில் இருந்தவர்கள்.

அல்பிரட் துரையப்பா 1926 இல் பிறந்தவர், சட்டத்தரணி. 1960 மார்ச்சில் வடக்கில் தமிழரசுக் கட்சி அலை வீசியபோது, யாழ்ப்பாணத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். அவரிடம் தோற்றவர் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். ஜூலைத் தேர்தலிலும் துரையப்பாவே வென்றார். 1965 இல் பொன்னம்பலம் ஆசனத்தை மீட்டார்.

1970 தேர்தல்தான் என்னை யோசிக்க வைப்பது. தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டினிடம் துரையப்பா தோற்றது வெறும் 56 வாக்குகளால். பொன்னம்பலம் மூன்றாமிடம். ஆக, அரசோடு நின்று காரியம் பார்ப்போம் என்ற அவரது அரசியலுக்கு நகரத்தில் ஆதரவு இல்லாமலில்லை. நாம் இன்று அதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்.

பிறகு மாநகர முதல்வரானார். சிறிமாவோவின் சுதந்திரக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் முகமும் அவரே. தரப்படுத்தலும் 1972 அரசியலமைப்பும் இளைஞர்களைக் கொதிக்க வைத்த காலம் அது. அந்த அரசைத் தாங்கி நின்றது அவர் செய்த பெரிய பிழை என்றே நான் நினைக்கிறேன். 1971 இலேயே அவரது காருக்குக் குண்டு வைக்கப்பட்டது. அதில் அவர் அகப்படவில்லை.

1974 ஜனவரி 10, தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாள். வீரசிங்கம் மண்டபத்தின் முன் திரண்டிருந்த சனத்துக்குள் பொலிஸார் புகுந்தனர். மின்கம்பி அறுந்து விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். திறந்தவெளி அரங்கைத் தராமல் இழுத்தடித்தது மாநகரசபை என்ற கோபம் மேயர் மேல் திரும்பியது. ஓய்வுபெற்ற நீதியரசர் டி கிரெற்சர் தலைமையில் கூடிய மக்கள் விசாரணைக் குழு பொலிஸாரிடமே குற்றம் கண்டது. அரசு அதைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்தக் கோபத்துக்கு ஒரு நீதிமன்ற வாசலாவது கிடைத்திருக்கும்.

துரையப்பா கிறிஸ்தவர். ஆனாலும் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்வருவார். 1975 ஜூலை 27, அந்தக் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 49. மூன்று ஆண்டுகளின் பின் விடுதலைப் புலிகள் அதற்கு உரிமை கோரினர். வாழ்நாளெல்லாம் வழக்காடியவருக்கு வழக்கே இல்லாமல் தீர்ப்பு. பின்வந்த வருடங்களில் அப்படித் தீர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது நம் ஒவ்வொரு ஊருக்கும் தெரியும்.

1999 இல் அவர் பெயரிலுள்ள விளையாட்டரங்கைத் திருத்த மண்ணைக் கிண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. தமிழாராய்ச்சி மாநாட்டில் இறந்தவர்களின் நினைவுத்தூண்கள் அங்கிருந்து நடந்து போகும் தூரம். இப்போது இரண்டுக்கும் இடையே நடக்கும்போதெல்லாம், வீட்டில் கேட்ட அந்த இரண்டு பதில்களும் என்னோடு வருகின்றன.