மருத்துவத்தைத் தமிழ் பேச வைத்த மானிப்பாய் டாக்டர்



மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயரைக் கேள்விப்படாதவர் எம்மிடையே குறைவு. ஆனால் அப்பெயருக்குரிய கிறீன் என்பவர் யார், அவர் இம்மண்ணுக்குச் செய்தது யாது என்று வினவினால் விடை கூறக்கூடியவர் சிலரே. விஞ்ஞான ஆராய்ச்சி யாருக்காக என்ற கேள்வி அடிக்கடி எழுகின்ற இக்காலத்தில் அவருடைய வாழ்வை நினைவுகூர்வது பயன் தரும்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845இல் பட்டம் பெற்றார். சொந்த நாட்டிலே வசதியாகத் தொழில் செய்திருக்கலாம். அதை விடுத்து, அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், 1848 முதல் மானிப்பாயிலும் பணிபுரிந்தார். அவருக்கு முன்னரே, 1820இல், டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மேனாட்டு மருத்துவப் பணியைத் தொடக்கியிருந்தார். கிறீன் வந்து சேர்ந்தபோது இவ்வூரவர்க்கு வெள்ளைக்கார வைத்தியர் புதியவர் அல்லர்.

வந்த சிறிது காலத்திலேயே ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. ஒரு வைத்தியர் இராப்பகலாக உழைத்தாலும் ஒரு குடாநாட்டின் நோயைத் தீர்க்க முடியாது. அவர் மறைந்ததும் அவருடைய மருந்துப் பெட்டியும் மூடப்பட்டுவிடும். ஆகவே 1848இலேயே இவ்வூர் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். கொழும்பில் அரசாங்கம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல் ஆகும். அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் மருத்துவ மாணவர் உடற்கூறு படித்துக்கொண்டிருந்தனர்! யாழ்ப்பாணப் பட்டினத்தில் 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் வைத்தியசாலை தோன்றியபோது, அங்கே கடமையாற்றத் தகுதியான தமிழ் வைத்தியர் கிடைத்ததற்கும் இவ்வகுப்பே காரணமாயிற்று.

ஆயினும் ஒரு சிக்கல் எழுந்தது. பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் கற்றுத் தேர்ந்த வைத்தியருக்கு அரசாங்கத்தில் நல்ல சம்பளத்துடன் உத்தியோகம் காத்திருந்தது. அவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வயல் சிறுத்து, குடும்பம் பெருத்த இம்மண்ணில் ஆங்கிலமே சோறு என்று பெற்றோர் நம்பிய காலம் அது. இருந்தும், எந்த ஏழைகளை எண்ணி மருத்துவம் கற்பிக்கப்பட்டதோ அவர்களுக்கு அது எட்டாமற் போயிற்று. கற்றவர் பெருகினர், கிராமத்தில் வைத்தியர் பெருகவில்லை.

கிறீன் இதனை ஆழ்ந்து சிந்தித்தார். சுமார் பத்தாண்டுப் பணியின் பின் தாயகம் சென்ற அவர், 1862இல் திருமணம் முடித்து மனைவியுடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864இல் துணிவான முடிவொன்றை எடுத்தார். இனி மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்படும் என்பதே அம்முடிவு. தம் மாணவர் உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். நோயாளியின் திண்ணையில் உட்கார்ந்து, அவன் மொழியிலே பேசக்கூடிய வைத்தியரே கிராமத்தில் நிலைப்பார் என்று அவர் கண்டார்.

முடிவெடுப்பது எளிது. தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டாமா? கிறீன் தாமே தமிழை நன்கு கற்றார். தம் மாணவரையும் தமிழறிந்தோரையும் துணைக்கொண்டு, அக்காலத்து அமெரிக்க, ஆங்கில மருத்துவ நூல்களை ஒவ்வொன்றாகத் தமிழாக்கினார். இம்முயற்சியை அவர் 1850களிலேயே தொடக்கியிருந்தார். பிரசவ வைத்தியம் பற்றிய நூல் 1857இல் வந்தது. இரணவைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகியவை 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் வெளிவந்தன. இந்நாட்டு மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் கூறும் இந்து பதார்த்த சாரம் 1884இல் வெளியாயிற்று. மொத்தம் 4000க்கு மேற்பட்ட பக்கங்கள் என்பர்.

இப்பெயர்களைச் சற்றே கவனியுங்கள். பொருத்தமான சொல் தமிழிலோ வடமொழியிலோ இருந்தால் அதனை எடுத்துக்கொண்டார். இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு இசைவாக்கினார். கெமிஸ்தம் என்பது அவ்வாறு பிறந்ததே. எந்தக் கலைச்சொல்லையும் கற்போன் புரிந்துகொள்கின்றானா என்பதைக்கொண்டே நிறுத்துப் பார்த்தார். பிறரும் பயன்படுத்தட்டும் என்று ஆங்கில-தமிழ்க் கலைச்சொற் கோவைகளையும் வெளியிட்டார்.

அன்றைய விஞ்ஞானம் முழுமை பெற்றிருக்கவில்லை என்பதையும் மறக்கலாகாது. 1850களிலும் 1866-67இலும் வாந்திபேதி யாழ்ப்பாணத்தைச் சூறையாடியது. அந்நோய்க்குரிய கிருமியை ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் இனங்கண்டு நிறுவியது 1883-84இல் ஆகும். அது கிறீன் உலகை விட்டு நீங்கிய காலம். அறிந்தது கொஞ்சமே ஆயினும், அறிந்த அளவைத் தாமதிக்காமல் மக்களுக்குக் கொடுத்தார் என்பதே அவர் பெருமை.

உடல் நலிவுற்றதால் 1873இல் இங்கிருந்து விடைபெற்றார். அதுவரை அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்கள். அமெரிக்கா சென்ற பின்னும் அவருடைய தமிழ்ப் பணி ஓயவில்லை. மேலே கூறிய நூல்களில் மூன்று அவர் திரும்பிச் சென்ற பின் வெளிவந்தவை. 1884 மே 28ஆம் திகதி, பிறந்த ஊரிலேயே காலமானார். தமிழருக்குத் தொண்டாற்றிய வைத்தியர் எனத் தம் கல்லறையில் குறிக்கப்பட வேண்டும் என விரும்பினார், அவ்வாறே குறிக்கப்பட்டது. அவர் எமது திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் நோயுற்றோரைத் தேடிச் சென்ற கிறிஸ்தவர் என்ற வகையில் அவரை எம்மவராகக் கொண்டாடுவதில் தடை ஏது?

அவருக்குப் பின் அவ்வழி தொடரவில்லை. மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நிலைத்தது. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் உருவாயிற்று. அங்கும் கற்கும் மொழி ஆங்கிலமே. உலகெங்கும் வெளிவரும் ஆராய்ச்சிகளை உடனுக்குடன் அறிய ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கிறீன் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே இருக்கின்றது: ஆராய்ந்து கண்டது அதனை வேண்டி நிற்பவனிடம் போய்ச் சேருகின்றதா?

ஓர் உதாரணம் போதும். எமது குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழைநீர் விரைந்து கீழிறங்குகின்றது. தோட்டத்துக்கு மிதமிஞ்சி இடும் உரமும், மலகூடக் குழிக் கழிவும் அதனுடன் சேர்ந்து கிணற்றை அடைகின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டிவந்துள்ளன. அந்நீரிற் கரைத்த பாலை உண்ணும் கைக்குழந்தைக்கு அது ஆபத்தானது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. இவ்வளவும் ஆய்வேடுகளில் உண்டு. வெங்காயத் தோட்டத்தில் உர மூட்டையை அவிழ்க்கும் கமக்காரருக்கும், குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்க்கும் இதனைச் சொன்னவர் எத்தனை பேர்?

பல்கலைக்கழகம் செல்லும் எமது பிள்ளைகளே, நீங்கள் உயர்ந்த ஆராய்ச்சி செய்யுங்கள். உலகம் போற்ற எழுதுங்கள். அத்துடன், கண்டதில் ஒரு பக்கத்தையேனும் உங்கள் ஊரவர் வாசிக்கத்தக்க தமிழில் எழுதிக் கொடுங்கள். வேற்று நாட்டவர் ஒருவர் 4000 பக்கம் எழுதிய மொழி அது. அதில் ஒரு பக்கம் எழுத எமக்கு இயலாதா?