ஹவாய் நாட்டுப் பாட்டரசி

குறுந்தொகைச் செய்யுளொன்றின் உள்ளுறையை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தேன். மலரையும் வண்டையும் புனலையும் வெளிப்படக் கூறி, மனத்துட் கிடப்பதை அவற்றினுள் மறைத்து வைக்கும் இம்முறை தமிழர்க்கே உரியதோ, பிற மொழியாளர்க்கும் உண்டோ என்று மாணவரொருவர் வினவினார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. பிறகு பார்ப்போம் என்று சொல்லித் தப்பிக்கொண்டேன். ஆசிரியத் தொழிலில் இவ்வாறு கடன்பட்ட வினாக்கள் பல. இவ்வொன்றைத் தீர்க்க எனக்கு வழிகாட்டியவர், பசிபிக் மாகடலின் நடுவே ஹவாய்த் தீவுகளை ஆண்ட கடைசி அரசியாராகிய லிலியுவோகலானி ஆவர்.

அவர் இயற்றிய அலோஹா ஓயே என்னும் பாட்டின் மெட்டை யான் இளமையிலேயே அறிவேன். அயல்வீட்டு அண்ணர் ஒருவர் கிற்றாரில் அதனை ஓயாது வாசிப்பார். கப்பலேறும் உல்லாசப் பயணிகளுக்கு விடைகொடுக்கும் பாட்டு என்பதற்கு மேல் அதைப்பற்றி யான் ஒன்றும் எண்ணியதில்லை. அரசியாரின் வரலாற்றைப் படித்த பின்னரே என் அறியாமை எனக்குப் புலப்பட்டது.

1838ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் நாள் ஹொனலூலு நகரில் அவர் பிறந்தார். அவ்வேளை அரசில் உயர்பதவி வகித்த பெருமாட்டி ஒருவர் கண்ணோயால் வருந்திக்கொண்டிருந்தார். ஆதலின் எரிவு, கண்ணீர், வேதனை, புண்பட்ட கண் என்னும் பொருள்படும் பெயர்களே குழந்தைக்கு இடப்பட்டன. மங்கலப் பெயர் தேடும் நமக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயினும் நிகழ்ந்ததொன்றைப் பெயருள் பொதிந்து வைத்தல் அந்நாட்டார் இயல்பு. பிறந்த குழந்தையை வேறொரு பெருங்குடியினர்க்கு வளர்ப்பு மகவாக ஈதலும் அவர் வழக்கம். அவ்வாறே லிலியுவோகலானி பாக்கி, கோனியா என்னும் தம்பதியர் இல்லத்தில், அவர்தம் மகளுக்குத் தங்கையாய் வளர்ந்தார். பாதிரிமார் நடத்திய அரசகுலச் சிறார் பள்ளியில் ஆங்கிலமும் மேலைநாட்டிசையும் கற்றார். 1862இல் ஜோன் டொமினிஸ் என்பாரை மணந்தார். அதுவரை இங்கிலாந்தின் அரச வாழ்த்தையே பாடிவந்த நாட்டுக்குத் தாய்மொழியில் ஒரு நாட்டு வாழ்த்து வேண்டுமென ஐந்தாம் கமேஹமேஹா மன்னர் கேட்க, 1866இல் அதனை இயற்றிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அவருடைய அண்ணர் கலாகௌவா, தங்கை லிகெலிகே, தம்பி லெலெயோஹொகு ஆகிய மூவரும் பாட்டியற்ற வல்லவர்களே. ஹவாய் மொழியிற் பாட்டியற்றுதலைக் குறிக்கும் ஹகு என்னுஞ் சொல், மாலை தொடுத்தலையும் குறிக்கும். நாமும் பாத்தொடுத்தல் என்கிறோம் அல்லவா? அம்மொழிப் பாட்டில் ஒருவரை அவர் பெயரால் அழைத்தல் நயமாகாது. அவர் ஒரு மலராவார், ஒரு பறவையாவார், குறித்த மலைச்சாரலிற் பெய்யும் மழையாவார். அங்கே ஒவ்வொரு பள்ளத்தாக்கின் மழைக்கும் காற்றுக்கும் தனித்தனிப் பெயருண்டு. அப்பெயரைச் சொன்ன அளவில் ஊர் விளங்கும். ஊர் விளங்கவே ஆள் விளங்கும். வெளியே ஒரு பொருளும் உள்ளே ஒரு பொருளுமாக நிற்கும் இம்முறைக்குக் கவோனா என்று பெயர். என் மாணவர் கேட்ட வினாவுக்கு விடை இதுவே.

1878இல் அவர் ஒவாகு தீவின் மறுபுறத்திலுள்ள மவுனாவிலி என்னும் பண்ணைக்குக் குதிரைமீது சென்றிருந்தார். திரும்புங்கால், உடன்வந்த படைத்தலைவர் ஒருவரும் அவ்விடத்து இளநங்கை ஒருத்தியும் அன்பு ததும்ப விடைபெறுவதைக் கண்டார். செங்குத்தான மலைப்பாதை வழியே வரும்போது அவர் நாவில் ஒரு மெட்டு ஊறியது. வீடு சேர்வதற்குள் பாட்டும் உருவாயிற்று. அதுவே அலோஹா ஓயே. முன்னரே வழங்கிய ஆங்கிலப் பாட்டொன்றின் சாயல் அதிலுண்டென்று கூடவந்த வில்சன் என்பார் சுட்டியபோது, அவர் அதனை மறுக்கவில்லையாம். இரவல் மெட்டென்று அதனைக் குறைகூறுவோர் உளர். மெட்டு எங்கிருந்து வந்தாலென்ன, மலைமீது தவழும் மழையும் அதனடியிற் பூக்கும் லெகுவா மலரும் ஹவாயின் சொத்து. மேலும் அப்பாட்டில் விடைபெறுவோர் அந்த இருவரே. பின்னாளில் ஒரு நாடே தன் உரிமைக்கு விடைகொடுக்கும் பாட்டாக அது மாறும் என்பதை இயற்றியவரே எதிர்பார்த்திருக்கமாட்டார்.

1891 ஜனவரியில் கலாகௌவா மன்னர் சான் பிரான்சிஸ்கோவிற் காலமாக, தங்கையார் அரியணை ஏறினார். அதே ஆண்டிற் கணவரும் மறைந்தார். கரும்புத் தோட்ட முதலாளிமாரும் அவர் கூட்டாளிகளும் 1887இலேயே மன்னரை அச்சுறுத்தி, முடியின் அதிகாரத்தையும் சுதேசிகள் பலரின் வாக்குரிமையையும் பறிக்கும் யாப்பொன்றிற் கையொப்பம் வாங்கியிருந்தனர். அதனை மாற்ற அரசியார் முயன்றார். லொத்தர்ச் சட்டம், அபின் உரிமச் சட்டம் என்பவற்றுக்கு அவர் இசைந்தமை பிழையென்றே யானும் கருதுகிறேன். எனினும் அவரை வீழ்த்தியது அப்பிழையன்று. 1893 ஜனவரி 16இல் அமெரிக்கப் போர்க்கப்பலொன்றிலிருந்து வீரர் கரையிறங்கினர். மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது. இரத்தஞ் சிந்தலாகாது என்று, தம் எதிர்ப்பை எழுத்திற் பதிந்துவிட்டு, அவர் பணிந்தார்.

1895இல் அவர் ஆதரவாளர் எழுப்பிய கிளர்ச்சி தோற்றது. அரசியாரைக் கைதுசெய்து, அவர் கொலுவிருந்த மண்டபத்திலேயே இராணுவ நீதிமன்றம் கூட்டி விசாரித்தனர். ஐந்தாண்டுக் கடூழியமும் 5,000 டொலர் தண்டமும் தீர்ப்பாயின. கடூழியம் நிறைவேற்றப்படவில்லை, ஆயினும் ஏறத்தாழ எட்டுத் திங்கள் இயோலானி அரண்மனையின் மேன்மாடத்து அறையொன்றே அவருக்குச் சிறையாயிற்று.

புதினத்தாள் படிக்க அவருக்கு அனுமதியில்லை. ஆனால் மலர் கொண்டுவரத் தடையில்லை. சிறையிற் கூடவிருந்த தோழியார், முன்னர்க் கூறிய வில்சனின் மனைவியார். அவர் மகனாகிய இளைஞர் அரசியாரின் தோட்டங்களிலிருந்து மலர் கொய்து அனுப்புவார். அம்மலர்களைச் சுற்றிவந்த தாள் அன்றைய புதினத்தாள்! காவலர் மலரைக் கண்டனர். அரசியார் செய்தியைக் கண்டார். அந்நன்றியைப் பாட்டாக்கினார். பாவோவகலானித் தோட்டத்து மலர் என்பது அதன் பொருள். மென்காற்றை விளித்து, தோட்டத்து மலர்களை வியந்து, தம் அன்புக்குரியது எம்மலர் என்பதை மட்டும் விடுகதையாக விட்டுவிடுகிறார். பாட்டின் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் விரவுகின்றன. பண்டிதர் முகஞ்சுளிப்பர், யானும் சற்றே சுளித்தேன். கதை தெரிந்தபின் சுளிப்பு மறைந்தது. கதை தெரியாதார்க்கு அது வெறும் பூப்பாட்டு. தம்மைச் சிறையிட்டோரையும் பொறுத்தருளுமாறு இறைவனை இரக்கும் பாட்டொன்றையும் அவ்வறையிலேயே இயற்றித் தம் மருமகள் கையுலானிக்கு உரிமையாக்கினார். ஈராயிரத்துக்கு மேற்பட்ட அடிகளையுடைய குமுலிப்போ என்னும் படைப்புப் பாடலை ஆங்கிலமாக்கத் தொடங்கியதும் அங்கேதான். அது 1897இல் வெளியாயிற்று.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் நின்று நோக்கவேண்டிய செய்தியொன்றுண்டு. 1896இல் புதிய அரசு பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனாமொழி எனச் சட்டஞ் செய்தது. பாட்டைத் தடைசெய்ய வேண்டிய தேவையே எழவில்லை. மழையின் பெயர் தெரியாத பிள்ளைக்கு மழைப்பாட்டு எவ்வாறு விளங்கும்? மெட்டு உலகெங்கும் போயிற்று. உட்பொருள் முதியோர் நெஞ்சில் ஒதுங்கியது. என் அயல்வீட்டு அண்ணரின் கிற்றார்வரை வந்தடைந்தது அந்த வெற்று மெட்டே.

1897இல், இணைப்பை எதிர்த்து 21,000க்கு மேற்பட்ட சுதேசிகள் கையொப்பமிட்டனர். பயனில்லை, 1898 ஓகஸ்ட் 12இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. அவ்விழாவுக்கு அரசியார் செல்லவில்லை. 1909இல் தம் உடைமையை அநாதைச் சிறார்க்கென நம்பிக்கை நிதியமாக்கினார். 1917 நவம்பர் 11இல் காலமானார்.

1970களில் ஹவாய் இளைஞர் தாய்மொழியை மீட்கப் புறப்பட்டனர். 1978இல் அம்மொழி அரசகரும மொழிகளுள் ஒன்றாயிற்று. புதிதாய்ப் பாட்டியற்றத் தொடங்கியோர் தத்தம் ஊரின் காற்றையும் மழையையும் பெயர்சொல்லி அழைத்து, தம் மனைவியரையும் பாட்டிமாரையும் மலர்களுள் ஒளித்து வைக்கலாயினர். அரசியார் 1897இல் தொகுத்து வைத்திருந்த பாட்டுகளும் 1999இல் விரிந்த நூலாக வெளிவந்தன.

வினா எழுப்பிய மாணவர் இன்று தாமும் ஆசிரியர். இக்கட்டுரை வெளியாகும் பக்கத்தை அவருக்கு அனுப்பிவைப்பேன்.