இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தவர் ஹாலிவுட் நடிகரா? யார் இந்த நார்மன் பிரிட்சார்ட்?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஒரே தொடரில் 2 பதக்கம் வென்றப்போ, பல செய்திகளில் 'சுதந்திர இந்தியாவில் முதல்முறை' என்ற வார்த்தையை கவனிச்சிருப்பீங்க. அது என்ன 'சுதந்திர இந்தியா'? காரணம், 124 வருஷத்துக்கு முன்னாடி அதே பாரிஸில் ஒருத்தர் இதைச் செய்திருந்தார். அவர்தான் நார்மன் பிரிட்சார்ட்.

கொல்கத்தா பையன்

ஆங்கிலேயப் பெற்றோருக்கு கல்கத்தாவில் பிறந்தவர் பிரிட்சார்ட். செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் படித்தார். வங்காள மாகாண 100 கெஜ ஓட்டத்தில் 1894 முதல் 1900 வரை தொடர்ந்து 7 ஆண்டுகள் இவர்தான் சாம்பியன். ஓட்டம் மட்டுமில்ல, கால்பந்திலும் கில்லாடி. இந்திய கால்பந்து சங்கத்தின் செயலாளராகவும் இருந்திருக்கிறார்.

பாரிஸில் நடந்தது என்ன?

1900-ம் ஆண்டு இங்கிலாந்து சென்ற பிரிட்சார்ட், அங்கே நடந்த ஏஏஏ சாம்பியன்ஷிப்பில் 120 கெஜ தடை தாண்டும் ஓட்டத்தில் 2-வது இடம் பிடித்தார். அடுத்து நேராக பாரிஸ் ஒலிம்பிக்!

இப்போ இருக்கிற மாதிரி சிந்தடிக் டிராக் எல்லாம் அப்போ கிடையாது. பூங்காவில், மேடு பள்ளமான புல்தரையில்தான் ஓடணும். மொத்தம் 5 போட்டிகளில் களமிறங்கினார் பிரிட்சார்ட். 60 மீ, 100 மீ ஓட்டங்களில் இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை. 110 மீ தடை தாண்டும் ஓட்டத்தில் இறுதிச்சுற்று வரை போயும், பந்தயத்தை முடிக்க முடியவில்லை.

ஆனா, 200 மீ தடை தாண்டும் ஓட்டத்தில் 26.6 விநாடிகளில் 2-வது இடம். முதலிடம் அமெரிக்காவின் ஆல்வின் கிரென்ஸ்லீனுக்கு. அந்தத் தொடரில் மட்டும் 4 தங்கம் வென்ற ஜாம்பவான் அவர். அதன்பிறகு 200 மீ ஓட்டத்திலும் பிரிட்சார்ட் 2-வது இடம். ஆக, 2 வெள்ளி. ஆசிய நாடு ஒன்றின் பெயரில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் வீரராக இவர் கருதப்படுகிறார்.

இதில் இன்னொரு விஷயம்: 200 மீ தடை தாண்டும் ஓட்டம் 1900, 1904 என இரண்டே ஒலிம்பிக்கில்தான் நடந்தது. அப்புறம் நீக்கிட்டாங்க.

பதக்கம் யாருக்கு?

இங்கதான் சிக்கலே. பிரிட்சார்ட் இந்தியாவுக்காக ஓடினாரா, பிரிட்டனுக்காகவா? அந்தக் காலத்தில் நாடுகள் முறையாக அணி அனுப்பும் வழக்கமே உறுதியாகவில்லை. பலரும் தனிநபராக, கிளப் சார்பில்தான் போனாங்க. இந்தியாவோ பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது.

லண்டன் போட்டிக்குப் பிறகுதான் அவர் பாரிஸ் போனார், அதனால் பிரிட்டன் வீரர் என்பது ஒரு தரப்பு வாதம். பிறந்து, படித்து, ஓடி வளர்ந்தது எல்லாம் கல்கத்தாவில்தானே என்பது மறு தரப்பு. சர்வதேச தடகள அமைப்பின் புள்ளிவிவரத் தொகுப்பில் அவர் பிரிட்டன் கணக்கில் இருக்கிறார். ஆனா சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2 பதக்கங்களையும் இந்தியா பெயரில்தான் வைத்திருக்கிறது.

ஹாலிவுட் பயணம்

1905-ல் இங்கிலாந்தில் குடியேறிய பிரிட்சார்ட், நாடகத்தில் நடிக்க ஆரம்பித்தார். பிறகு அமெரிக்கா போய், நார்மன் டிரெவர் என்ற பெயரில் பிராட்வே மேடைகளிலும் மௌனப் படங்களிலும் நடித்தார். 1926-ல் வெளியான 'போ ஜெஸ்ட்' அதில் முக்கியமான படம். 1929-ல் கலிஃபோர்னியாவில் காலமானார்.

அவருக்குப் பிறகு தடகளத்தில் இந்தியாவுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் வர 121 வருஷம் ஆச்சு. 2021-ல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். பிரிட்சார்டை இந்தியர் என்று எடுத்துக்கிட்டா நீரஜ் 2-வது ஆள். இல்லைன்னா முதல் ஆள். ஒரு வீரரின் நாடு எது என்ற கேள்விக்கு, நம்ம தடகள வரலாறு எங்கே தொடங்குது என்பதையே மாற்றும் வலிமை இருக்கு!